ஆறு வருஷ சர்வர் வாழ்க்கையில் ‘ஆப்ட்’ சொல்லாமல் விட்டவை

2019-லிருந்து ஒரே வேலைக்காக ஒரு வாடகை சர்வர் வைத்திருக்கிறேன். ஒரு ஜவுளிக்கடைக்குத் தமிழில் பில் தயாரித்து, அதைப் பிடிஎஃப் ஆக்கி வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். 1 ஜிபி ராம், உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்), கறுப்புத் திரை. உபுண்டுவின் 18.04 பதிப்பில் ஆரம்பித்து, 20.04, 22.04 தாண்டி இப்போது 24.04-ல் ஓடுகிறது. இந்த ஆறு வருஷத்தில் நான் அதிகம் சண்டை போட்டது, உபுண்டுவில் மென்பொருள் ஏற்றும் ‘ஆப்ட்’ என்ற கருவி கூடத்தான். அதிகம் நம்பியதும் அதைத்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உபுண்டுவின் சொந்த ரெப்போவில், அதாவது மென்பொருள் கிடங்கில், இருப்பதை மட்டும் கேட்டால், ஆப்ட் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை. ஒரு பேக்கேஜ் (மென்பொருள் பொதி) கேட்டால் அதற்கு வேண்டிய நாற்பதையும் (இவைதான் டிபென்டன்சி) தானே இழுத்து வந்து வரிசையாக வைக்கும். 1999-ல், உபுண்டுவின் தாய் இயங்குதளமான டெபியன் 2.1-உடன் வந்த காலத்திலிருந்து அதன் வேலையே அதுதான். தொல்லையெல்லாம் ரெப்போவுக்கு வெளியே காலை வைக்கும்போதுதான்.

நான் முதல் நாளே வைத்தேன். பிடிஎஃப் ஆக்க டபிள்யூகே-ஹெச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் என்ற கருவி. ரெப்போவில் இருந்த பதிப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பும் அடிக்குறிப்பும் வராது. காரணம், அதை க்யூட்டி என்ற லைப்ரரியின் (துணை நிரல்தொகுப்பு) திருத்தப்படாத பதிப்போடு கட்டியிருந்தார்கள். திருத்திய க்யூட்டியோடு கட்டிய டெப் ஃபைல் (ஒரு பேக்கேஜ் அடங்கிய ஃபைல்) அந்தத் திட்டத்தின் தளத்திலேயே கிடைத்தது. இறக்கி, ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபேக்கேஜ் கருவியிடம் ‘டிபேக்கேஜ் -ஐ’ என்று கொடுத்தேன். எக்ஸ்ஃபான்ட்ஸ்-75டிபிஐ இல்லை என்று நின்றுவிட்டது. திரையே இல்லாத சர்வருக்குப் பழைய காலத்துத் திரை எழுத்துரு எதற்கு என்று தலையைச் சொறிந்தபடி, எங்கோ படித்த ‘--ஃபிக்ஸ்-புரோக்கன்’ அடித்தேன். ஏதோ கேட்டது. படிக்காமல் ‘ஒய்’ தட்டினேன். அது சரிசெய்த விதம், நான் போட்ட பேக்கேஜையே கழற்றி எறிந்தது. புது சர்வரில், ரெப்போவின் பட்டியலை இறக்கும் ‘ஆப்ட் அப்டேட்’ ஒருமுறைகூட ஓட்டவில்லை, பட்டியல் காலி. இல்லாத பொருளை அது எங்கிருந்து கொண்டுவரும்? அன்றிலிருந்து ‘ரிமூவ்ட்’ என்ற சொல் வரும் வரியைப் படிக்காமல் ‘ஒய்’ தட்டுவதில்லை. டெப் ஃபைலையும் டிபேக்கேஜிடம் கொடுப்பதில்லை. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்து ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்றால் டிபென்டன்சியையும் சேர்த்தே எடுத்துவிடும்.

எரர் வந்த கதை இது. எரரே வராத கதைதான் மோசம்.

எல்லாம் ஏறியது, பிடிஎஃப் வந்தது, லாகில் ஒரு புகாரும் இல்லை. மறுநாள் காலை கடைக்காரர் போன். “தம்பி, பில்லு கேட்டா ஜாதகம் அனுப்பியிருக்கீங்களே? ஒரே கட்டம் கட்டமா இருக்கு.” திறந்து பார்த்தேன். எண்கள் இருந்தன, சேலை, வேட்டி, ஊர்ப்பெயர் எல்லாம் சதுரம். சர்வரில் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை. ‘எஃப்சி-லிஸ்ட்’ கமாண்டில் மொழியை ‘டிஏ’ என்று கொடுத்துத் தேடினால் வெறும் காலி வரி. ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்’ பேக்கேஜ் போட்டதும் சரியாகிவிட்டது; இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்தக் கருவியின் டிபென்டன்சிப் பட்டியலில் தமிழ் எழுத்துரு எப்படி இருக்கும்? நான் தமிழில் பில் போடுவது அதற்குத் தெரியுமா? பட்டியலில் இல்லாத டிபென்டன்சியை ஆப்ட் சொல்லாது. அதைச் சொல்ல கடைக்காரர்தான் வேண்டும்.

22.04-க்குப் போகும்போது புது சர்வர் எடுத்தேன். பத்திரமாக வைத்திருந்த பழைய டெப் ஃபைலை ஏற்றினால், ஓபன்எஸ்எஸ்எல் என்ற இணையப் பாதுகாப்பு லைப்ரரியின் பழைய பகுதியான லிப்எஸ்எஸ்எல் 1.1 கிடைக்கவில்லை என்றது. 22.04 ஓபன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறிவிட்டது. பழையது ரெப்போவிலேயே கிடையாது. இணையத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம், 20.04-ன் லைப்ரரியை இறக்கிப் போடு என்பது. நானும் போட்டேன், ஓடியது. அதுதான் அதன் கெட்ட குணம், ஓடிவிடும். பிறகு எத்தனை முறை ‘அப்கிரேட்’ கொடுத்தாலும் அந்த ஒன்று மட்டும் அசையாது, ஏனென்றால் அதற்குப் புதுப்பதிப்பு தர இந்த ரெப்போவில் ஆள் இல்லை. 2023 செப்டம்பரில் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவும் முடிந்தது. அதற்கப்புறம்தான் உறைத்து, 22.04-க்கென்றே கட்டிய டெப் ஃபைலைத் தேடி மாற்றினேன். அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

அந்தப் பிடிஎஃப் கருவியின் கோட் களஞ்சியமே 2023 ஜனவரியில் பூட்டப்பட்டுவிட்டது. அதனால் 24.04-ல் வீஸிபிரின்ட் என்ற வேறு பிடிஎஃப் கருவிக்கு மாறினேன். இது பைத்தான் மொழியில் எழுதியது. பைத்தான் பேக்கேஜ் ஏற்றும் பிப்பிடம் ‘பிப் இன்ஸ்டால்’ என்றதும் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்’ என்று கதவைச் சாத்தியது. சிஸ்டத்தின் பைத்தானில் கைவைக்காதே என்று அர்த்தம். அதை மீற ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்றே ஒரு ஆப்ஷன் உண்டு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, தொடவில்லை. தனிச்சூழல் உருவாக்கப் போனால் அதற்கான ‘வென்வ்’ தனிப் பேக்கேஜாம், அதையும் ஏற்றினேன். பிறகு பிப் எல்லாவற்றையும் வெற்றி வெற்றி என்று முடித்தது. ஓட்டினால், எழுத்துகளை அடுக்கித் தரும் பாங்கோ லைப்ரரி இல்லை என்றது. பிப்புக்குத் தெரிந்தது பைத்தான் பேக்கேஜ்கள் மட்டும். சிஸ்டம் லைப்ரரியை ஆப்ட்டில் நாம்தான் கேட்க வேண்டும். லிப்பாங்கோவையும் லிப்பாங்கோஎஃப்டி2-வையும் போட்டதும் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்கார்ந்தன.

தூரத்து சர்வர் என்பதால் ஒன்று. 20.04-க்கு அப்கிரேட் செய்யும்போது பாதியில் வீட்டில் கரண்ட் போனது. நல்லவேளை, ‘டூ-ரிலீஸ்-அப்கிரேட்’ தானே, தொடர்பு அறுந்தாலும் நிற்காத ஸ்கிரீன் செஷனுக்குள் ஓடும். 1022 போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து உள்நுழையும் வழி) வாசலையும் திறந்து வைக்கும். மீண்டும் உள்ளே போனபோது அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண ‘ஆப்ட் அப்கிரேட்’டுக்கு இந்தக் காப்பு கிடையாது. அதை இப்போது ஸ்கிரீன் போன்ற டிமக்ஸுக்குள்தான் ஓட்டுகிறேன்.

புது சர்வரில் என்னென்ன போட வேண்டும் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைத்திருக்கிறேன். பத்தொன்பது வரி. முதல் வரி லோஹித் எழுத்துரு, பக்கத்தில் குறிப்பு: ‘ஜாதகம்’.