உப்பா, ஹேர்ஸ்பிரேயா, ஸ்பாஞ்சா: மாதிரிக் காருக்குத் துரு ஏற்றும் மூன்று வழிகள்

ஒரு மாதிரிக் காரை ஷோரூமிலிருந்து அப்போதுதான் வெளியே வந்ததைப் போலப் பளபளப்பாக முடிக்கப் பொறுமை இருந்தால் போதும். இருபது வருடம் வேப்பமரத்தடியில் நின்ற வண்டியாக அதை மாற்ற வேண்டுமானால், பெயின்ட் எந்த இடத்தில், எதனால், எந்த வடிவத்தில் உரிகிறது என்று பார்த்துப் பழகிய கண்ணும் வேண்டும். இந்த உரிதலைக் காட்டுவதற்கு மாதிரி கட்டுவோர் பெரும்பாலும் நாடுவது உப்பு, ஹேர்ஸ்பிரே, ஸ்பாஞ்ச் ஆகிய மூன்றையும்தான். நிஜ அளவில் 24இல் ஒரு பங்காக (1/24) ஜப்பானிய மாதிரி நிறுவனமான டமியா வெளியிட்டுள்ள 1966ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு இவற்றை இங்கே ஒப்பிடுகிறேன். பீட்டிலைத் தேர்ந்ததற்குக் காரணம், அது துருப்பிடிக்கும் இடங்கள் தெளிவாகத் தெரிந்தவை என்பதே: மட்கார்டு உடலோடு சேரும் விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் குழாய்ப்பெட்டி, பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி உட்காரும் தளம்.

உப்புக்கும் ஹேர்ஸ்பிரேக்கும் அடித்தளம் ஒன்றே. இரண்டிலும் துரு முதலில் அடிக்கப்பட்டு, வண்டியின் நிறம் அதன்மேல் ஏறுகிறது. பிரைமருக்கு (பெயின்ட் பிடிப்பதற்கான முதல் பூச்சு) மேல் கரும்பழுப்பு லாக்கர் (சீக்கிரம் காய்ந்து இறுகும், வீரியமான தின்னரில் மட்டும் கரையும் பெயின்ட்), அதன்மேல் ஆங்காங்கே செம்மஞ்சள் திட்டுகள் (பழைய துரு கறுக்கும், புதிய துருதான் செம்மஞ்சளாக இருக்கும்), பிறகு நிறமற்ற லாக்கர் கிளியர் ஒரு பூச்சு, ஓர் இரவு முழுக்க உலர்தல் என்பதே வரிசை. அடியில் லாக்கர் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம், பின்னால் வரும் தண்ணீரோ, எண்ணெய் வகைப் பெயின்டான எனாமலுக்குரிய தின்னரோ அதைக் கரைக்காது என்பதுதான்.

உப்பு முறையில் துரு நிறத்தின்மேல் தண்ணீர் தடவி, வேண்டிய இடங்களில் உப்பைத் தூவி, நன்றாகக் காயவிட்டு, மேலே வண்டியின் நிறத்தை அடித்த பிறகு உப்பைத் தேய்த்து உதிர்க்கிறோம். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவுவதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு போதும். இம்முறையின் பெரிய பலத்தைப் பலர் கவனிப்பதில்லை: லாக்கர் தின்னரில் உப்பு கரையாது. ஆகவே கார்களுக்கே உரிய பளபளப்பான லாக்கர் நிறங்களை இங்கே தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பலவீனம் அளவில் இருக்கிறது. பொடி உப்பின் ஒரு மணி ஏறத்தாழ 0.3 மி.மீ. இருக்குமென்றால், 24 மடங்கில் அது 7 மி.மீ. ஆகும், அது நம்பத்தக்க அளவுதான். கல் உப்பில் 3 மி.மீ. மணி ஒன்று 7 செ.மீ. பள்ளமாகிவிடும், அதுவும் சதுரமாக. துரு சதுரமாக விளைவதில்லை என்பதால் இரண்டு உப்புகளையும் கலந்து, கொத்துக் கொத்தாகத் தூவுவதே நல்லது. ஸ்பிரே கேனை அருகில் பிடித்தால் காற்றின் வேகத்தில் உப்பு பறந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உப்பு இருந்த இடத்தைச் சுற்றிப் பெயின்ட் சற்று மேடுகட்டி நிற்கும். சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். பெயின்டுக்கு அடியில் ஈரம் புகுந்து, பொரிந்து, பொருக்கு விட்ட தகட்டின் விளிம்பு அப்படித்தான் இருக்கிறது என்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஹேர்ஸ்பிரேயின் தத்துவம் வேறு. உலர்ந்த பின்னும் தண்ணீரில் இளகும் ஒரு மெல்லிய படலத்தைத் துருவுக்கும் நிறத்துக்கும் நடுவே வைக்கிறோம். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் சாதாரண ஹேர்ஸ்பிரேயையே சுமார் 30 செ.மீ. தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய பூச்சாக அடிக்கலாம். இதே வேலைக்கென ஏகே இன்டராக்டிவ் போன்ற நிறுவனங்கள் விற்கும் திரவங்கள் ஏர்பிரஷில் சீராகப் படியும் என்பதைத் தவிர, செய்முறையில் வேறுபாடு அதிகமில்லை. அதன்மேல் தண்ணீரில் கலக்கக்கூடிய அக்ரிலிக் நிறம் அடித்து, தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் தண்ணீரால் நனைத்து, மயிர் குட்டையாக வெட்டிய பிரஷ்ஷாலும் பல்குச்சியாலும் சுரண்டினால் நிறம் பெயர்ந்து, அடியிலுள்ள துரு தெரியவரும். எந்த இடம் உரிய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கடைசி நொடிவரை நம் கையில் இருக்கிறது. தூவிய பிறகு விதியை நம்பும் உப்பு முறையில் இந்த வசதி கிடையாது. மட்கார்டு விளிம்பு, கதவின் அடிப்பகுதி போன்ற குறிப்பிட்ட இடங்களுக்கு இதற்கு நிகரான வழி இல்லை என்பதே என் கருத்து.

இதற்குரிய விலை இரண்டு. மேல்நிறம் தண்ணீரை உள்ளே விட வேண்டும் என்பதால் லாக்கரோ எனாமலோ ஆகாது. அக்ரிலிக்கிலும் எல்லாம் ஒன்றல்ல: தண்ணீர் கலந்து அடித்த டமியா அக்ரிலிக் சிறு சிறு செதில்களாக உடையும், ரப்பர்த் தன்மையுள்ள சில நீர்வகைப் பெயின்ட்களோ தோல்போல உரியும். அடுத்தது நேரம். அன்றே சுரண்டியாக வேண்டும். ஒருமுறை சனிக்கிழமை அடித்துவிட்டு அடுத்த வாரம் கைவைத்தேன். அரைமணி நேரத் தேய்ப்புக்குப் பின் கதவின் நிறம் முழுவதும் ஒரே துண்டாகக் கையோடு வந்துவிட்டது.

ஸ்பாஞ்சுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. பிய்த்தெடுத்த ஸ்பாஞ்சுத் துண்டைப் பெயின்டில் தொட்டு, பெரும்பகுதியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, முடிந்த காரின்மேல் மெல்லத் தட்டினால் போதும். தவறினால் ஈரம் காயும் முன் துடைத்துவிடலாம். முதலில் வண்டி நிறத்தைவிட வெளிறிய நிறத்தையும், அதற்குள்ளே சற்றுச் சிறிதாகக் கரும்பழுப்பையும் வைத்தால் காயத்துக்கு ஆழம் வரும். உரிந்த பெயின்ட் துருவுக்கு மேலே அல்லவா இருக்க வேண்டும், இங்கே துரு அல்லவா மேலே உட்கார்ந்திருக்கிறது என்று இம்முறையை ஏளனம் செய்வோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நிஜக் காரின் பெயின்ட் மொத்தமாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்கும். 1/24 அளவில் அது 4 முதல் 6 மைக்ரான். அந்தப் படியைக் கண்ணால் காண முடியாது. ஹேர்ஸ்பிரே முறையில் தெரியும் விளிம்பு உண்மையில் அளவுக்கு மீறிய தடிமன். பானெட்டின் முன்முனையில் கல் தெறித்த புள்ளிகளுக்குத் தட்டையான ஸ்பாஞ்சே அளவுக்கு விசுவாசமானது. ஆனால் நிஜக் காரில் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்த இடத்தை ஸ்பாஞ்சில் காட்ட முயன்றால் அம்மைத் தழும்புபோல ஆகிவிடும்.

டாங்கி மாதிரிகளிலிருந்து இம்முறைகளை அப்படியே எடுத்தாளும்போது ஒரு பிழை நேர்கிறது. ராணுவ வண்டி முழுவதும் மங்கலானது; கார் அப்படியல்ல. கூரையும் பானெட்டும் வெயிலில் வெளுத்து மங்கினாலும், செங்குத்தான கதவுகளில் பளபளப்பு மிஞ்சியிருக்கும். ஆகவே கடைசியில் முழுக் காருக்கும் பளபளப்பற்ற மேட் கிளியர் அடிப்பதை விட்டு, மேற்பரப்புகளுக்கு மேட்டும் பக்கங்களுக்கு அரைப் பளபளப்பான செமி-கிளாஸும் தனித்தனியாக அடிக்க வேண்டும்.

துரு வழிந்த கறைகளுக்கு ஆயில் பெயின்டும் எனாமல் வாஷும் (தின்னரில் நீர்க்கக் கரைத்த எனாமல்) போட்டியிடுகின்றன. மெதுவாகக் காய்வதால் திருத்துவதற்கு நேரம் தரும் ஆயில் பெயின்டையே நான் எடுப்பேன். அட்டைத் துண்டில் சிறிது நேரம் வைத்து எண்ணெயை உறிஞ்சவிட்டால் மினுமினுப்பும் குறையும்.

என் பீட்டிலில் கூரைக்கு உப்பு, மட்கார்டு விளிம்புக்கும் கதவின் அடிக்கும் ஹேர்ஸ்பிரே, பானெட் முனைக்கும் பம்பருக்கும் ஸ்பாஞ்ச் என்று பங்கு பிரிப்பேன். கூரையை லாக்கரிலும் மற்றவற்றை அக்ரிலிக்கிலும் அடிக்க நேர்வதால் இரண்டின் சாயலும் சற்று மாறுபடும். டிங்கரிங் கடைக்குப் போய்வந்த வண்டிகளில் அந்த வேறுபாடு இல்லாவிட்டால்தான் வியப்பு. கூட்டு இடுக்குகளுக்கு மட்டும் எனாமல் வாஷ் விடும்போது, பெயின்ட் படாத வெறும் பிளாஸ்டிக்கில் அது இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் மெல்லிய பாகங்களை எனாமல் தின்னர் விரிசலிட வைக்கும். எனக்கு ஒரு முன் அச்சு அப்படித்தான், எல்லாம் முடிந்து அலமாரியில் ஏற்றிய பிறகு ஒடிந்தது.