படகில் ஸ்டீரியோ மாட்டக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

படகு வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள் எல்லாரும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். நான் ராமேஸ்வரத்தில் விசைப்படகுத் தொழில் செய்கிறவன். போன மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்குப் புது ஸ்டீரியோ மாட்டினோம், டவுனில் கார் ஆடியோ வேலை செய்யும் ஒரு கடையை நம்பி. அவர்கள் இழுத்துவிட்டுப் போன வயரால், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் நடுராத்திரி இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல், நங்கூரமும் பிடிக்காமல், படகு இலங்கைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. பாட்டு இரைச்சலாகக் கேட்கிறது என்கிற மாதிரிப் புகார் இல்லை இது. உயிர்ப் பிரச்சினை.

கடைப் பெயரை இங்கே போடவில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை நாளைக்கு வேறு ஒரு கடையும் உங்கள் படகில் செய்யலாம்.

படகில் எதற்குப் பாட்டு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் மீன்வளத் துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. ராத்திரி முழுக்க வலை இழுக்கிற நேரத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற டிரைவரும் மீன் பிரிக்கிற தம்பிகளும் கண் அசராமல் இருக்க வேண்டும், அதற்குப் பாட்டை விட்டால் வேறு துணை இல்லை. கரையை நெருங்கும்போது பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை 90.4 எஃப்எம் போட்டால் காற்று, கடல் நிலவரம் எல்லாம் நம்ம பேச்சிலேயே கேட்கலாம். இதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, நடந்ததுக்கு வருகிறேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடை, படகைக் கரையேற்றிப் பலகை இடுக்கை அடைக்கிற கலப்பத்து, பெயிண்ட், இன்ஜின் வேலை எல்லாம் அப்போதுதான் பார்ப்போம். அந்தச் சமயத்தில் கடைக்காரர்களே துறைமுகத்துக்கு வந்து ஆர்டர் பிடித்தார்கள். "அண்ணே, எல்லாமே மெரைன் ஐட்டம், உப்புத் தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, கேபிள்கூட டின்டு காப்பர்தான் போடுவோம்" என்றார்கள். டின்டு காப்பர் என்றால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, சாதாரணக் கம்பியை விட விலை கூட. அந்த விலையைத்தான் மீட்டர் கணக்கில் வாங்கினார்கள், கேபிளுக்கு மட்டும் 6,000 ரூபாய்க்கு மேல் ஆனது. ஸ்டீரியோ, நாலு சேனல் ஆம்ப்ளிஃபையர், வீல்ஹவுஸில் (ஸ்டியரிங் இருக்கும் அறை) இரண்டு ஸ்பீக்கர், மேல்தளத்தில் இரண்டு. கரையில் சார்ஜரை மாட்டிப் போட்டுக் காட்டியபோது அருமையாகத்தான் பாடியது. பில் கேட்டதற்குக் கையால் எழுதிய ஒரு சீட்டு.

கடலுக்குப் போன பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஸ்டீரியோ ஓடும்போது, படகுக்குப் படகு பேசுகிற விஎச்எஃப் வயர்லெஸ் மைக்கில் ஒரே கரகரப்பு, அவசரத்துக்குக் கூப்பிடுகிற 16-ம் சேனலில் தூரத்துப் படகு கூப்பிட்டால் காதில் விழவில்லை. டிரைவர் அண்ணன் காம்பஸைப் பார்த்துவிட்டு ஜிபிஎஸ் ஒரு பக்கம் காட்டுகிறது, முள் வேறு பக்கம் நிற்கிறது என்றார். அப்புறம் ஸ்டார்ட்டர் நாளுக்கு நாள் சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தது. கடைக்குப் போன் போட்டுச் சொன்னால், "பேட்டரி வீக்கா இருக்கும், மாத்திப் பாருங்க" என்று ஒரே பதில். பேட்டரி இரண்டும் அந்தத் தடைக்காலத்தில்தான் புதுசாக வாங்கியது. அதையும் சொன்னோம். "கடல்ல இதெல்லாம் சகஜம்ணே" என்றார்கள். கடலில் என்ன சகஜம் என்று எங்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி அறுந்த கயிறு ஒன்று புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. இன்ஜினை நிறுத்தி, நங்கூரம் போட்டு, ஒரு தம்பி இறங்கி அறுத்து எடுக்க நேரம் பிடித்தது. அதுவரை டெக் லைட் மட்டும் எரிந்தது, ஸ்டீரியோவை அணைத்துத்தான் வைத்திருந்தோம். கயிறு வந்த பிறகு சாவியைப் போட்டால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கச்சான் பலமாக அடிக்கிற ஜூன் மாதம், நங்கூரம் சேற்றில் பிடிக்காமல் இழுபடுகிறது, ஜிபிஎஸ் திரையில் படகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே போகிறது. 1974-ல் போட்ட அந்த இந்திய-இலங்கை கடல் எல்லைக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆள் சிறை, படகு போச்சு. மேலே காற்று, கீழே நீவாடு என்கிற நீரோட்டம், இரண்டும் ஒரே பக்கம் தள்ளியது. மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த படகு ஒன்று வந்து பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டது. அந்தப் படகுக்காரர்கள் அன்று வலை இழுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள், அந்த நன்றியை என்றைக்கும் மறக்க மாட்டோம்.

கரைக்கு வந்ததும் துறைமுகத்தில் காலங்காலமாகப் படகு வயரிங் பார்க்கிற ஒரு பெரியவரைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

முதலில் பேட்டரி. எங்கள் படகு 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போட்டது. ஸ்டீரியோவுக்கு 12 வோல்ட்தான் வேண்டும். அதற்கு 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, மைனஸ் பக்கம் இருக்கும் கீழ்ப் பேட்டரி ஒன்றிலிருந்து மட்டும் நேராக வயர் எடுத்திருக்கிறார்கள். இதில் என்ன கெடுதல் என்றால், ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் சார்ஜ் பண்ணும், தனித்தனியாகப் பார்க்காது. ஸ்டீரியோ தின்னும் பேட்டரி எப்போதும் அரை வயிறு, மற்றது தேவைக்கு மேல் சார்ஜ் ஏறித் தண்ணீர் கொதித்து வற்றும். மீட்டர் வைத்தபோது மேல் பேட்டரி 12.7, கீழ்ப் பேட்டரி 12-க்கும் கீழே. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது அது அப்படியே படுத்துவிட்டது. புதுப் பேட்டரி இரண்டும் வீண். உங்கள் படகிலும் 24 வோல்ட் என்றால் வேலை முடிந்த அன்றே கன்வெர்ட்டர் எங்கே என்று கேளுங்கள், கையால் தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது இன்னும் மோசம். ஆம்ப்ளிஃபையரில் ஒரு ரிமோட் வயர் உண்டு. ஸ்டீரியோவிலிருந்து வரும் நீல வயர் அதில்தான் சேர வேண்டும், ஸ்டீரியோவை அணைத்தால் ஆம்பும் அணையும். இவர்கள் அதை நேரடி பிளஸில் கட்டியிருக்கிறார்கள், வீல்ஹவுஸிலிருந்து நீல வயரை இழுத்து வருகிற வேலை மிச்சம் என்று. ஆக, ராத்திரி பகல் பாராமல் ஆம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டே இல்லாமல் சும்மா நிற்கும்போது ஒரு ஆம்பியருக்கு மேல் இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன். கரையில் ஒரு நாள் நின்றாலே 24 ஆம்பியர் மணிக்கு மேல் காலி. மெயின் சுவிட்சை அணைத்தாலும் பயனில்லை, இவர்கள் சுவிட்சுக்கு முன்னாலேயே பேட்டரி முனையில் கட்டிவிட்டார்கள். ஸ்டீரியோவின் மஞ்சள் வயர் நேரம், ஸ்டேஷன் எல்லாம் நினைவில் வைக்கக் கொஞ்சூண்டு கரண்ட் எடுக்கும், அது நியாயம். ஆம்ப் முழுசாக விழித்திருப்பது நியாயமே இல்லை.

மூன்றாவதைப் பார்த்தபோது பெரியவரே ஒரு நிமிடம் பேசவில்லை. பேட்டரியிலிருந்து வீல்ஹவுஸ் வரை போகும் பிளஸ் வயரில் பேட்டரி பக்கம் ஃபியூஸே கிடையாது. ஆம்பில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது, அது ஆம்பைக் காப்பாற்றும், வயரைக் காப்பாற்றாது. அந்த வயர் இன்ஜின் ரூமுக்குள் புகைபோக்கிக் குழாய்க்குப் பக்கத்தில், இரும்புத் தகட்டில் போட்ட ஓட்டை வழியாக, சுற்றிலும் ரப்பர்கூட இல்லாமல் போகிறது. இன்ஜின் அதிர்வில் மேல்தோல் பாதி தேய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தேய்ந்து உள்கம்பி இரும்பில் பட்டிருந்தால், தடுக்க நடுவில் எதுவுமே இல்லாமல் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டியிருக்கும், வயர் பழுக்கக் காய்ந்திருக்கும். மரப்படகு, கீழே டீசல் டேங்க், டெக்கில் தூங்குகிற தம்பிகள். அமெரிக்காவில் படகு வயரிங்குக்கு ஏபிஒய்சி என்று ஒரு தர விதி இருக்கிறது, அதில் பிளஸ் வயருக்கு ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. நம்ம ஊர்ப் பெரியவருக்கு அந்தப் புத்தகம் தெரியாது, ஆனால் அவர் கட்டுகிற எல்லாப் படகிலும் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இனி அந்த டின்டு காப்பர். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு என்றால் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. எங்களுக்குப் போட்டது வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. அதாவது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம். எடையில் லேசு, கரண்ட் கடத்துவதில் செம்பை விட மட்டம், உப்புக் காற்றில் இணைப்பெல்லாம் பொடியாக உதிரும். சில மாதம்கூட ஆகவில்லை, முறுக்கி டேப் சுற்றிய இடங்களைப் பிரித்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கடலில் முறுக்கி டேப் சுற்றுவது வேலையே இல்லை. லக் என்கிற உலோக முனையை வைத்து அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கும் குழாய்) போட்டுச் சுருக்க வேண்டும். தடிமனும் போதாது. நல்ல செம்பே ஆனாலும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் போய்த் திரும்பினால் 2 வோல்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு ஒரு வோல்டுக்குள் நிற்கும்.

காம்பஸ் விஷயம் எளிது. ஸ்பீக்கரில் இருப்பது பெரிய காந்தம், அதைக் காம்பஸுக்கு நேர் கீழே பதித்திருக்கிறார்கள். பெரியவர் ஸ்பீக்கரைக் கழற்றித் தூர எடுத்துப் போனதும் முள் கண் முன்னால் திரும்பியது. மைக் கரகரப்புக்குக் காரணம், ஆம்ப் வயரையும் விஎச்எஃப் ஆன்டெனா கேபிளையும் ஒரே கட்டாகச் சேர்த்துக் கட்டியது. பிரித்துத் தனித்தனிப் பக்கம் கொண்டுபோன பிறகு பெரும்பாலும் போய்விட்டது. ஸ்டீரியோவும் மெரைன் இல்லை. வெள்ளை முகப்பு போட்ட சாதாரணக் கார் ஸ்டீரியோ. தண்ணீர் தாங்கும் என்றால் பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று எழுதி ஒரு எண் இருக்கும், எங்கள் பெட்டியில் அது இல்லை.

இதையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். உப்புக் காற்றுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். ஃபியூஸ் போடாததற்கும் உப்புக் காற்றுதான் காரணமா என்று கேட்டேன். ஸ்டீரியோவை வேண்டுமானால் மாற்றித் தருகிறோம், பேட்டரிக்கும் வயருக்கும் பொறுப்பில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் அடித்துப் புகார் பதிந்தேன், இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. படகு தொழிலுக்கு ஓடுகிறது, அதனால் நீ நுகர்வோர் இல்லை என்று கடைக்காரர் பயமுறுத்தினார். 2019 சட்டப்படி சொந்தப் பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழிலுக்கு விலக்கு இருக்கிறது, நம்பாதீர்கள். 5 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கழற்றிய வயர், ஆம்ப், கைச்சீட்டு, போனில் வந்த மெசேஜ் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அதே தடைக்காலத்தில் அவர்கள் இன்னும் பல படகுகளில் மாட்டியிருக்கிறார்கள். டவுன் கடையில் கொடுத்து மாட்டியவர்கள் யாராக இருந்தாலும் அடுத்த டோக்கனுக்கு முன் பேட்டரிப் பெட்டியைத் திறந்து, ஸ்டீரியோவுக்குப் போகும் பிளஸ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வயரை அங்கேயே கழற்றிவிட்டு, முனையில் டேப் சுற்றிவிட்டுப் போங்கள். எப்படிப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் கீழே எழுதுங்கள், துறைமுகத்தில் இருந்தால் நானே வந்து பார்த்துச் சொல்கிறேன்.