இம்பிளான்ட் டிரைவர், ராட்செட் செட்: காரைக்குடிப் பக்கத்து கிளினிக்குகளுக்கு வாங்கலாமா?

பல் இம்பிளான்ட்டில், அதாவது தாடையில் பதிக்கும் செயற்கைப் பல்வேரில், திருகை முடுக்கும் இந்த செட்டில் முதலில் பாராட்டவேண்டியது 1.25 மி.மீ. ஹெக்ஸ் (அறுகோண முனை) டிரைவரின் தலையில் உள்ள துளை. 40 செ.மீ. பல் நூலைக் கோத்து முடிந்து, மறுமுனையை வாய்க்கு வெளியே விட்டுக்கொள்ளலாம். எச்சில் பட்ட கிளவுஸில் டிரைவர் வழுக்கத்தான் செய்யும். ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தால் குனிந்து எடுத்துவிடலாம். மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நூல் கட்டினாலும் தொண்டையை மறைத்து காஸ் துணி வைப்பதை விடாதீர்கள்.

கடைவாய்க்குக் குட்டை டிரைவர்தான் சரி. அதைத் தனியாக வாங்கவேண்டியிருப்பது குறை.

டிரைவரைத் திருப்பும் ராட்செட் கைப்பிடியில், முறுக்கு விசையைக் காட்டும் வளையும் கம்பி 35 நியூட்டன் செ.மீ. கோட்டைத் தொட்டதும் நிறுத்தவேண்டும். கோடுகள் மிக மெல்லியவை, லைட் வெளிச்சத்தில் மினுங்கி மறைகின்றன. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் அளவு தவறும். இதைக் கட்டாயம் திருத்தவேண்டும். பத்து நிமிடம் கழித்து அதே அளவுக்கு மறுபடி முறுக்கினால் திருகு தளர்வது குறையும்.

போர் தண்ணீரில் கழுவி அப்படியே ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) போட்டால் உப்பு படிந்து ராட்செட்டின் பல்சக்கரம் இறுகும். கழற்றி, பிரஷ் போட்டு, டிஸ்டில்டு வாட்டரில் அலசிக் காயவையுங்கள். முனை மழுங்கிய டிரைவரை உடனே ஒதுக்குங்கள். திருகின் குழியையும் அது கெடுத்துவிடும்.