டூயல் பூட்டில் இருந்த விண்டோஸை விர்ச்சுவல் மெஷினுக்குள் கொண்டுபோய் வருடம் தாண்டியாச்சு: எது நல்லது, எது தொல்லை

ஒரே கணினியில் லினக்ஸ், விண்டோஸ் இரண்டையும் போட்டு, ஏற்றும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது டூயல் பூட். ஒரு இயங்குதளத்துக்குள்ளேயே மென்பொருளால் இன்னொரு கணினியைப் போல உருவாக்கி ஓட்டுவது விர்ச்சுவல் மெஷின். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் விண்டோஸில் மறுபடி நிறுவ முடியாதது எதுவும் இல்லை என்றால் இந்த வேலையே வேண்டாம். விர்ச்சுவல் மெஷினில் புதிதாக ஒரு விண்டோஸைப் போட்டுக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடியும், சுத்தமாகவும் இருக்கும். பழைய நிறுவலை அப்படியே பெயர்த்து எடுத்துப்போவது அதை விட்டால் கை ஒடிந்துபோகும் என்கிற ஆட்களுக்கு மட்டும்தான்.

நான் அந்த ரகம். என் விண்டோஸ் 10-இல் பேஜ்மேக்கர் 7 (பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள்) இருக்கிறது, வானவில், பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் பக்கம் அமைத்த மலர்களும் புத்தகங்களும் இருக்கின்றன, இன்றைக்கும் யாராவது அதே மலரில் நாலு பக்கம் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். அந்த எழுத்துருக்களை எந்த சிடியிலிருந்து போட்டோம் என்பது யாருக்கும் நினைவில்லை. அதோடு ஒரு கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி தாக்கலுக்கு ஒரு டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி குச்சி). மற்றபடி நாள் முழுக்க டெபியன் லினக்ஸ்தான்.

டூயல் பூட்டில் பெரிய கோளாறு எதுவும் இல்லை, பத்து நிமிட வேலைக்கு மெஷினை அணைத்து ஏற்றுவதுதான் சலிப்பு. திறந்து வைத்த எல்லாவற்றையும் மூடவேண்டும் என்பதாலேயே அந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போடுவேன், ரொம்ப நாள் கழித்து விண்டோஸுக்குள் போனால் சேர்ந்துபோன அப்டேட்டெல்லாம் வரிசையில் நிற்கும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு: லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நினைக்கிறது, அதனால் மாறிமாறிப் போகும்போது நேரம் ஐந்தரை மணி நேரம் நகர்ந்து நிற்கும். விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் சரிசெய்யலாம்தான், ஆனால் இப்படிச் சில்லறை ஒட்டுவேலைகள் சேர்ந்துகொண்டே போகும்.

கேவிஎம் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வசதி), விர்ட்-மேனேஜர் (அதை நிர்வகிக்கும் மென்பொருள்) என்று முடிவு செய்த பிறகு இரண்டு வழி இருந்தது. ஒன்று, டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் பார்ட்டிஷனையே (அதற்கென ஒதுக்கிய பகுதியையே) நேராக விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுப்பது. நகல் எடுக்கவே வேண்டாம், தேவைப்பட்டால் பழையபடி நேராகவும் பூட் செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே லினக்ஸில் அதே பார்ட்டிஷனை ஒருமுறை மவுண்ட் செய்தால் (இணைத்துத் திறந்தால்) போதும், கோப்பு முறைமை நாசம். எனக்கு அந்தப் பயத்தோடு இருக்கப் பிடிக்கவில்லை. அதனால் இரண்டாவது வழி, முழுதையும் ஒரே இமேஜ் கோப்பாக (டிஸ்க்கின் நகல் அடங்கிய கோப்பாக) எடுப்பது.

அதற்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் டிஸ்க்2விஹெச்டி போதும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷேடோ காப்பி (அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் விண்டோஸ் வசதி) வைத்து நகல் எடுக்கும். சி டிரைவையும் பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மட்டும் டிக் செய்து, வெளி ஹார்டு டிஸ்க்கில் எழுதச் சொன்னேன். இமேஜை விர்ச்சுவல் மெஷினில் திறந்தால் டிஸ்க் என் முழு டிஸ்க்கின் அளவான 512 ஜிபி என்றுதான் காட்டும், ஏனென்றால் முழு டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையையும் அது அப்படியே வைத்துக்கொள்கிறது, தேர்ந்தெடுத்த பகுதிகளின் தரவை மட்டும்தான் எடுக்கிறது. கோப்பின் நிஜ அளவு அதைவிடச் சின்னது. பிறகு கியூஎம்யூ-இமேஜ் கருவியால் கேவிஎம்முக்கு ஏற்ற கியூகவ்2 வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நகல் எடுப்பதற்கு முன் விண்டோஸுக்குள் செய்யவேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. ஹைபர்னேட்டையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் (நிலையை டிஸ்க்கில் சேமித்து மூடும் வசதிகள்) அணைக்க வேண்டும். பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் வசதி) ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், பல லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலேயே டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது ஓடிக்கொண்டிருக்கும், பிட்லாக்கர் உள்ள பகுதியை டிஸ்க்2விஹெச்டி ஆதரிப்பதில்லை, அணைத்து, குறியாக்கம் முழுதும் நீங்கிய பிறகே நகல் எடுங்கள். வன்பொருளோடு கட்டிப்போட்ட உரிமம் உள்ள மென்பொருள் இருந்தால் பழைய இடத்திலேயே உரிமத்தைத் திருப்பி ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். என் கணக்கு மென்பொருளில் இதை முன்பே செய்ததால் புது மெஷினில் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டது.

அப்புறம் முதல் பூட். இங்கேதான் ஒரு சாயங்காலம் போனது. விர்ச்சுவல் மெஷினை கியூ35 (மதர்போர்டு வகை), யுஇஎஃப்ஐ (பூட் செய்யும் முறை) என்று அமைத்து, டிஸ்க்கை சாட்டா (சாதாரண டிஸ்க் இணைப்பு வகை) என்று கொடுத்து ஏற்றினால் லினக்ஸின் பூட்லோடரான க்ரப்பின் கட்டளை வரி வந்து நிற்கிறது! யோசித்தால் காரணம் நியாயம்தான். புது மெஷினின் ஃபர்ம்வேருக்கு (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளுக்கு) விண்டோஸ் பூட் மேனேஜர் எங்கே என்று தெரியாது, அதனால் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் பொதுவாக வைக்கிற மாற்று பூட்லோடரைத் தேடிப் போகிறது, என் டூயல் பூட் மெஷினில் அந்த இடத்தில் லினக்ஸ் தன் க்ரப்பை வைத்திருக்கிறது, அந்த க்ரப்போ இங்கே இல்லாத லினக்ஸைத் தேடுகிறது. ஃபர்ம்வேர் மெனுவுக்குள் போய் மைக்ரோசாஃப்ட் கோப்புறையில் இருக்கும் பூட் கோப்பைக் கையால் காட்டி, அதையே நிரந்தரப் பதிவாகவும் சேர்த்ததும் சரியானது.

அடுத்தது நீலத்திரை, இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ், அதாவது பூட் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்ற பிழை. லேப்டாப்பில் டிஸ்க் இன்டெல் ஆர்எஸ்டி முறையில் இருந்தது, விர்ச்சுவல் மெஷினில் ஏஹெச்சிஐ (இரண்டும் டிஸ்க்கை இணைக்கும் முறைகள்), அந்த ஏஹெச்சிஐ டிரைவரை விண்டோஸ் தூங்கவைத்திருக்கிறது. நகல் எடுக்கும் முன்பே எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் மோடு பூட்டை டிக் செய்துவிட்டால், முதல் முறை சேஃப் மோடில் ஏறும்போது டிரைவர் தானாக விழித்துக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்துவிடலாம். வேகத்துக்காக விர்ட்ஐஓ (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே ஆன வேகமான இணைப்பு முறை) டிஸ்க்குக்கு மாறும்போதும் இதே கதைதான். அவசரப்பட்டு மாற்றாமல், முதலில் ஒரு ஜிபியில் வெற்று விர்ட்ஐஓ டிஸ்க் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து, விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓ-விலிருந்து டிரைவரைப் போட்டு, அந்த டிஸ்க் தெரிகிறது என்று உறுதியான பிறகு முக்கிய டிஸ்க்கை மாற்றுங்கள்.

ஆக்டிவேஷன் போய்விடும், எதிர்பார்த்தே இருங்கள். லேப்டாப்போடு வந்த ஓஇஎம் (தயாரிப்பாளர் போட்டுத் தரும்) உரிமம் அந்த மெஷினுக்கானது, சாவியும் அதன் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. அதை உள்ளே காட்டிக்கொடுக்கும் தந்திரங்கள் உண்டு, எனக்கு அது சரியாகப் படவில்லை, தொழிலுக்குப் பயன்படுத்துவதால் ரீடெயில் (தனியாக விற்கும்) சாவி ஒன்று வாங்கிவிட்டேன். இன்னொன்று: விர்ச்சுவல் மெஷினை வேறு கணினிக்கு நகர்த்தும்போது யுயுஐடியையும் (அதன் அடையாள எண்) மேக் முகவரியையும் (நெட்வொர்க் கார்டின் அடையாளம்) மாற்றாமல் வைத்திருங்கள், மாறினால் விண்டோஸுக்கு அது புது வன்பொருள்.

இனி புழக்கம். 16 ஜிபி ராமில் 6 ஜிபி விண்டோஸுக்கு. பேஜ்மேக்கருக்கு இதுவே அரண்மனை. வேலை முடிந்ததும் அணைப்பதில்லை, நிலையைச் சேமித்து மூடிவிடுகிறேன், அடுத்த முறை விட்ட பக்கத்திலேயே திறக்கிறது. 8 ஜிபி மெஷின் என்றால் முயற்சிக்க வேண்டாம், பிரவுசரும் விண்டோஸும் ராமுக்கு அடித்துக்கொள்ளும்.

தமிழ் தட்டச்சில் ஒரு விஷயம். வெளியே லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் தமிழ்99 விசைப்பலகை போட்டிருந்தாலும் விர்ச்சுவல் மெஷினுக்குள் அது எடுபடாது, உள்ளே போவது எழுத்தல்ல, எந்த விசை அழுந்தியது என்ற தகவல் மட்டும்தான். ஆகவே உள்ளே தனியாக விசைப்பலகை வேண்டும். பாமினியில் அடிக்கிறவர்களுக்கு இதில் லாபம், உள்ளே பழைய மென்பொருள் அப்படியே இருக்கிறது, வெளியே யூனிகோடு, இரண்டும் மோதிக்கொள்வதில்லை.

கோப்புப் பரிமாற்றத்துக்கு சாம்பா (நெட்வொர்க்கில் கோப்புறை பகிரும் மென்பொருள்) வைத்திருக்கிறேன், அதே வேலைக்கான விர்ட்டியோஎஃப்எஸ் வேகமானது என்றாலும் அமைப்பதற்குக் கூடுதல் வேலை. அச்சுக்கு வெளியே லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் இருக்கும் பிரிண்டரையே நெட்வொர்க் பிரிண்டராக உள்ளே சேர்த்துக்கொண்டேன். டிஎஸ்சி டோக்கனை யுஎஸ்பி வழியாக உள்ளே தள்ளலாம், பத்தில் எட்டு முறை வேலை செய்யும், மற்ற நேரத்தில் பிடுங்கிச் செருக வேண்டும். தாக்கலுக்குக் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், அவ்வளவுதான்.

கிராபிக்ஸ் பலவீனம். முப்பரிமாண முடுக்கம் கிடையாது, வீடியோ திக்கித்திக்கித்தான் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டை உள்ளே ஒப்படைக்கும் வழி இருக்கிறது, லேப்டாப்பில் அதற்கு மெனக்கெடுவது வீண். ஆன்டி-சீட் (மோசடித் தடுப்பு) உள்ள பல விளையாட்டுகளும் ஆன்லைன் தேர்வு மென்பொருட்களும் விர்ச்சுவல் மெஷின் என்று தெரிந்தால் திறக்கவே மறுக்கும், அவை வேண்டும் என்கிறவர்கள் டூயல் பூட்டிலேயே இருங்கள்.

எனக்குக் கிடைத்த பெரிய லாபம் முதலில் கணக்கில் இல்லாதது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது, நேராக ஓடிக்கொண்டிருந்தால் கவலைப்பட்டிருப்பேன். இப்போது விர்ட்-மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறேன், பக்கம் அமைக்க இணையம் எதற்கு? கோப்பு எடுக்க, அச்சடிக்க மட்டும் இணைப்பைத் திறக்கிறேன், அதுவும் வெளியுலகத்துக்கு வழி இல்லாத உள் நெட்வொர்க்கில். டோக்கன் வேலைக்கு விண்டோஸ் 11-இல் இன்னொரு சின்ன மெஷின் புதிதாகப் போட்டாயிற்று, அதற்குக் கேட்கிற டிபிஎம் 2.0-வை (பாதுகாப்புச் சிப்பை) எஸ்டபிள்யூடிபிஎம் என்ற மென்பொருள் போலியாகத் தருகிறது.

பழைய பார்ட்டிஷனை உடனே அழிக்கவில்லை. ஒரு காலாண்டுத் தாக்கலும் ஒரு முழுப் புத்தக வேலையும் உள்ளிருந்தே முடிந்த பிறகுதான் கை வைத்தேன். அது டிஸ்க்கின் முன்பக்கம் இருந்ததால் லினக்ஸ் பார்ட்டிஷனோடு சேர்க்க வேண்டுமானால் முழுதையும் இடப்பக்கம் நகர்த்த வேண்டும், அந்த வம்பு வேண்டாம் என்று லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையாக்கித் தனியாக மவுண்ட் செய்து, விர்ச்சுவல் மெஷின் இமேஜ்களை அங்கேயே வைத்துவிட்டேன். க்ரப் மெனுவில் விண்டோஸ் வரி இன்னும் தெரிந்தால் அப்டேட்-க்ரப் ஒருமுறை ஓட்டுங்கள், ஃபர்ம்வேரில் மிச்சமிருக்கும் பதிவை இஎஃப்ஐ பூட் மேனேஜர் கருவியால் நீக்கலாம்.