வெட்டிய துணியைத் தைத்துக் கொடுக்க டெபாசிட் கேட்கிறார்களா? 480 சட்டைகளில் நாங்கள் பட்ட பாடு

தைக்கும் வேலை தருகிறேன், அதற்கு முதலில் நீங்கள் டெபாசிட் கட்டுங்கள் என்று யாராவது வந்து சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்தவில்லை. அதனால் என்னிடம் தையல் கற்ற 11 பெண்கள் தங்கள் சேமிப்பையும் பத்து நாள் உழைப்பையும் பறிகொடுத்தார்கள். என்னை நம்பித்தான் அவர்கள் பணம் கட்டினார்கள் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பல ஆண்டுகளாகத் தையற்கடை நடத்துகிறேன். முன்பக்கம் கடை, பின்பக்க அறையில் வகுப்பு. ஆறு மாதப் பயிற்சி முடித்த பெண்கள் அடுத்து என்ன செய்வது என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்துவிடலாம். வாடிக்கையாளரைக் கற்றுக்கொடுக்க முடியாது. அந்தக் கவலையில் நான் இருந்த நேரத்தில்தான் அந்த மனிதர் வந்தார்.

நன்றாக உடுத்தியிருந்தார், நிதானமாகப் பேசினார். சீருடைச் சட்டைகள், அரைக்கை, ஒரே அளவு, 480 உருப்படி. வெட்டிய துணி, பொத்தான், நூல் எல்லாம் அவர்களே தருவார்கள், நாங்கள் தைத்துக் கொடுத்தால் போதும் என்றார். பையிலிருந்து ஒரு சாம்பிள் சட்டையை எடுத்து மேஜையில் விரித்தார். அழகான வேலை. காலர் முனைகள் இரண்டும் ஒன்றுபோல் கூர்மையாக இருந்தன. அங்குலத்துக்கு 12 தையல், ஓரம் முழுவதும் நூல் பிரியாமல் காக்கும் ஓவர்லாக் தையல். என் மாணவிகள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “இதே தரத்தில் வேண்டும், அவ்வளவுதான்” என்றார். கிளம்பும்போது சாம்பிளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எங்களிடம் ஒன்று இருக்கட்டுமே என்று கேட்டேன். “ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் நான்கு இடங்களில் காட்ட வேண்டும்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஏற்றுக்கொண்டேன். இன்றுவரை நினைத்து நினைத்து வருந்துவது அந்த ஒரு நொடியைத்தான்.

டெபாசிட் துணிக்குப் பாதுகாப்பு என்றார். ஒவ்வொரு பண்டலுக்கும் இவ்வளவு என்று கணக்கு. தைத்துத் திருப்பித் தந்ததும் கூலியோடு சேர்த்து வந்துவிடும். மறுநாளைக்குள் கட்டாவிட்டால் வேலை வேறு இடத்துக்குப் போய்விடும் என்றும் சொன்னார். என் மாணவிகளுக்கு அவர்கள் நிறுவனத்தின் பெயரில் சான்றிதழ் தரவும் தயார், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். நல்லவேளையாக அதை மட்டும் மறுத்துவிட்டேன்.

பண்டல்கள் வந்தன. பத்து நாள், இரவும் பகலும். இப்போதுதான் பயிற்சி முடித்தவருக்கு ஒரு சட்டை தைக்க ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆளுக்கு 43, 44 சட்டைகள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பொத்தான் தைத்தவர் உண்டு. “அக்கா, எனக்குக் கை பழகிவிட்டது, இன்று ஆறு முடித்தேன்” என்று ஒருத்தி ஓடிவந்து சொன்னாள். ஒவ்வொரு சட்டையையும் நானே பார்த்தேன். காலர் சரியில்லாத இருபதுக்கும் மேற்பட்டவற்றைப் பிரித்து மறுபடி தைக்கவைத்தேன். இஸ்திரி போட்டு, மடித்து அடுக்கினோம்.

சட்டைகளை வாங்க வந்த அந்த மனிதர் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து மேலிருந்து ஆறு சட்டைகளை எடுத்தார். இஞ்ச் டேப் வைத்தார். மார்பளவு 42 இருக்க வேண்டிய இடத்தில் 41 என்றார். ஒன்றை நனைத்து இஸ்திரி போடச் சொன்னார். போட்டதும் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் திரும்பியது. “உங்கள் பெண்கள் துணியை இழுத்துத் தைத்திருக்கிறார்கள். வீட்டு மெஷின் தையல் இப்படித்தான் இருக்கும்” என்றார். எல்லாச் சட்டைகளும் தள்ளுபடி. துணி வீணானதற்கு ஈடாக டெபாசிட் போனது. கூலி என்ற பேச்சே எழவில்லை.

நான் ஒன்றும் பேச முடியாமல் நின்றேன். ஏனென்றால் மார்பளவு 41 என்பது உண்மை, தையல் முறுக்கியதும் உண்மை. என் மாணவிகள் தலைகுனிந்து நின்றார்கள். தவறு எங்களுடையதுதான் என்று நானும் நம்பினேன். அதுதான் இந்த ஏமாற்றின் மிகக் கொடிய பகுதி: பணத்தோடு சேர்த்து, தன் கைமேல் வைத்திருந்த நம்பிக்கையையும் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சட்டைகள் எல்லாவற்றையும் அவர் ஏற்றிக்கொண்டு போனார். துணி தங்களுடையது என்றார். பயன்படாத சட்டைகள் என்றால் கசங்காமல் மடித்து, பெட்டிக்கு இத்தனை என்று எண்ணி, நாடா ஒட்டி ஏன் கொண்டுபோக வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி, காய்ச்சலால் தைக்காமல் விட்ட ஒரு பண்டலைக் கொண்டுவந்து கொடுத்தாள். 12 சட்டைக்கான வெட்டிய துணி. வெட்டும் மேஜையில் விரித்தேன். விரித்த பத்தே நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

முதலில் அளவு. முதுகுத் துண்டு மார்புக் கோட்டில் 21½ அங்குலம். முன்பக்கம் இரண்டும், பொத்தான் பட்டியை மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், 21½ அங்குலம். மொத்தம் 43. அரை அங்குலம் உள்ளே விட்டுப் பக்கங்களைத் தைக்க வேண்டும் என்று அவர்கள் தந்த அளவுத் தாளே சொல்கிறது. ஒரு பக்கத் தையலுக்கு முன்துண்டில் அரை, பின்துண்டில் அரை என ஒரு அங்குலம் போகும். இரண்டு பக்கமும் சேர்ந்து 2 அங்குலம். மிச்சம் 41. உலகத்தின் மிகச் சிறந்த தையற்காரர் தைத்தாலும் அந்தத் துணியில் 42 வராது.

அடுத்தது இழை. எந்தத் துணியிலும் கரைக்கு இணையாக ஓடுவது பாவு நூல். சட்டையின் முன்துண்டில் பொத்தான் வரும் நேர் ஓரம் அந்தப் பாவு நூலோடு ஒட்டியே போக வேண்டும். அந்த ஓரத்தின் மேல் நுனியில் ஒரு நூலைப் பிடித்து மெல்ல உருவினேன். கீழே வரும்போது அது ஓரத்தை விட்டு ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளிப் போயிருந்தது. அடுத்த துண்டிலும் அப்படியே. துணிமேல் வைத்து வெட்டும் மாதிரித் தாளை, அதாவது பேட்டர்னை, சாய்த்து வைத்து வெட்டியிருக்கிறார்கள். அப்படிச் சாய்த்தால் அதே துணியில் கூடுதலாகச் சில சட்டைகள் தேறும். அளவைக் குறைத்ததற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். சாய்வாக வெட்டிய துணி தைக்கும்போது அடங்கிக் கிடக்கும். தண்ணீரும் சூடும் பட்டதும் நூல் தன் வழிக்குத் திரும்பும், தையல் முறுக்கிக்கொள்ளும். நனைத்து இஸ்திரி போடச் சொன்னவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

பெரிய தொழிற்சாலையில் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டியதும் ஒவ்வொரு அடுக்குக்கும் எண் ஒட்டுவார்கள். ஒரே அடுக்கில் வந்த முன்துண்டு, முதுகு, கை, காலர் எல்லாம் ஒரே சட்டைக்குப் போனால்தான் நிறம் ஒத்துவரும். எங்களுக்கு வந்த பண்டலில் எண்ணே இல்லை. சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது இரண்டு விதமான நீலம் தெரிந்தது.

வீட்டு மெஷின் என்று இகழ்ந்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பெண்கள் அந்தச் சொல்லுக்கு அஞ்சுகிறார்கள். மேல்நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் பின்னிக்கொள்ளும் நேர்த்தையல் இரண்டு மெஷினிலும் ஒன்றுதான். பன்னாட்டுத் தர வரிசையில் அதற்கு 301 என்று எண். தொழிற்சாலை மெஷின் வேகமாக ஓடும், நாள் முழுதும் தாங்கும். ஊசியும் நூலின் இறுக்கமும் சரியாக இருந்தால் வீட்டு மெஷினில் போட்ட தையல் எந்த வகையிலும் தாழ்ந்தது அல்ல.

ஆறு சட்டைகளைப் பார்த்து மொத்தத்தையும் தள்ளுவதும் எந்த ஆடைத் தொழிலின் வழக்கமும் அல்ல. ஆடை ஏற்றுமதியில் பரவலாகப் பின்பற்றும் ஐஎஸ்ஓ 2859-1 என்ற பன்னாட்டுத் தரநிலையின் மாதிரி ஆய்வு அட்டவணையின்படி, 281 முதல் 500 உருப்படி வரை உள்ள தொகுதியில் வழக்கமான ஆய்வு நிலைக்கு 50 உருப்படிகளை எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றை ஒரே பெட்டியின் மேலிருந்து எடுக்கக் கூடாது, பல பெட்டிகளிலிருந்து கலந்து எடுக்க வேண்டும். பெரிய குறைகளுக்கு வழக்கமாக வைக்கும் 2.5 என்ற ஏற்புத் தர வரம்பில் (ஆங்கிலத்தில் AQL), 50-ல் 3 குறை வரை ஏற்பார்கள், 4 வந்தால்தான் மறுப்பார்கள். மறுத்தாலும் பெரும்பாலும் பிரித்துச் சரிசெய்து மீண்டும் காட்ட வாய்ப்புத் தருவார்கள். இதை அன்று நான் அறிந்திருந்தால் அந்த மனிதரை அறையிலேயே உட்காரவைத்து 50 சட்டைகளை எண்ணவைத்திருப்பேன்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களைப் பற்றி பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-ஆம் உடன்படிக்கையையும் 184-ஆம் பரிந்துரையையும் கொண்டுவந்தது. பணி நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும், குறையுள்ள வேலைக்காகக் கூலியில் பிடித்தம் செய்வதற்கான அளவுகோலை முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும், வேலையை ஒப்படைக்கும் ஒவ்வொரு முறையும் அல்லது ஒரு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் கூலி தர வேண்டும் என்கிறது அந்தப் பரிந்துரை. எல்லா நாட்டிலும் இது சட்டமாகிவிடவில்லை. ஆனாலும் வேலை தருகிறவரிடம் எழுத்தில் கேட்கத் தயங்கும் பெண்களுக்கு, அது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல என்று எடுத்துச் சொல்ல இது போதும்.

என் பங்குத் தவறு ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். என் வகுப்பில் மாணவி தானே அளவெடுத்து, தானே வரைந்து, தானே வெட்டித்தான் தைப்பாள். துணியை விரிக்கும்போதே கரையைப் பார்த்து இழையைச் சரிபார்த்துவிடுவாள். பிறர் வெட்டித் தந்த துணியை எப்படி வாங்குவது என்று நான் ஒருநாளும் கற்றுக்கொடுத்ததில்லை. இந்த வேலை வந்தபோது நானும் அதை யோசிக்கவில்லை. பண்டலை அவிழ்த்து நேரே மெஷினுக்குப் போய்விட்டோம். தையல் சொல்லிக்கொடுக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன், பயிற்சியின் கடைசி வாரத்தில் இதற்கென்று இரண்டு நாள் ஒதுக்குங்கள். துண்டுகளை எண்ணி வாங்குவது, பத்துக்கு ஒன்றை எடுத்து அளவுத் தாளோடு ஒப்பிடுவது, நூல் உருவிப் பார்ப்பது, நிறம் பார்ப்பது, முதல் ஒரு சட்டையைத் தைத்து, துவைத்து, இஸ்திரி போட்டு, வேலை தந்தவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கிய பிறகே இரண்டாவதைத் தொடுவது. கையொப்பமிட்ட அந்தச் சட்டை உங்களிடமே இருக்க வேண்டும். சாம்பிளை விட்டுப்போக மறுப்பவரின் வேலை வேண்டவே வேண்டாம்.

துணிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயமாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. உண்மையாகவே துணியைப் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில் 20 சட்டைக்கான துணியைத் தந்து பார்ப்பார். அது நல்லபடியாக வந்ததும் 50 தருவார். முன்பின் தெரியாத பெண்களிடம் ஒரே நாளில் 480 சட்டைத் துணியைக் கொட்டிவிட்டுப் போகிறவருக்குத் துணியின் மீது அக்கறை இல்லை.

புகார் கொடுத்திருக்கிறோம். கையில் இருப்பது பெயரும் முகவரியும் இல்லாத ஒரு ரசீது, அளவுத் தாள், அந்த 12 சட்டைக்கான துணி. தொலைபேசி எண் இப்போது இயங்கவில்லை. மாணவிகளின் டெபாசிட்டை நான் கடை வருமானத்திலிருந்து திருப்பித் தந்துகொண்டிருக்கிறேன். எட்டுப் பேருக்குக் கொடுத்துவிட்டேன், மூன்று பேருக்கு இன்னும் தர வேண்டும். அதில் ஒருத்தி, ஒரு நாளில் ஆறு சட்டை முடித்தேன் என்று ஓடிவந்தவள், இனி மெஷினில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போன வாரம் அவள் வீட்டுக்கு அந்த முன்துண்டு ஒன்றை எடுத்துப்போய், அவள் கையாலேயே நூலை உருவவைத்தேன். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போது என் தையல் சரியாகத்தான் இருந்ததா அக்கா?” என்று கேட்டாள்.