எரிந்த சரிவில் மூன்று மழைக்காலம்: மண் ஈர உணரியோடு ஒரு வழக்கு

காட்டுத்தீக்குப் பிறகு மீண்டுவரும் மலைச்சரிவில் மண்ணின் ஈரத்தை அளக்க, நான் வைத்திருக்கும் இதே வகை உணரியை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். எலி கடித்த கேபிளை இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டுப்போட்டு முடித்த கையோடு அந்தக் கேள்வி வந்தது அவருடைய கெட்ட நேரம். ஆகவே, இதில் தெரியும் சூட்டைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிப்பது நல்லது.

மின்தேக்கித் தத்துவத்தில் இயங்கும் ஆறு உணரிகள், இரண்டு குழிகளில் 5, 10, 30 செ.மீ. ஆழங்களில், தீ அணைந்த இரண்டாம் மாதத்திலிருந்து அங்கே இருக்கின்றன. அளவீடுகளைப் பதிந்துவைக்கும் டேட்டா லாகரும் சோலார் பேனலும் சொன்ன வேலையைச் செய்கின்றன. அவற்றின்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. என் வழக்கு முழுவதும் 10 செ.மீ. உணரியோடுதான்.

முதல் பெருமழையன்று சாம்பல் கரைந்த நீர் சரிவெங்கும் கறுப்பாக ஓடியது. ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்த பிறகும் அந்த உணரி 6 விழுக்காடு என்றே காட்டியது. மழைக்கு முன்னும் அதே 6தான். கருவி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, இணைப்பை மாற்றிப் பார்த்து, கடைசியில் பக்கத்தில் மண்ணைக் கிளறினேன். மேலே சாம்பல் களிபோலக் குழைந்திருந்தது. அதற்குக் கீழே இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் மாவுபோல உலர்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டேன். தாமரை இலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது. 5 நொடிக்குமேல் சொட்டு உறிஞ்சப்படாமல் நின்றாலே மண் நீரை விலக்குகிறது என்று கொள்வது வழக்கம். என் சொட்டு நான்கு நிமிடம் தாண்டியும் அசையவில்லை. இலைச்சருகு எரியும்போது ஆவியாகும் மெழுகுத்தன்மையுள்ள பொருள்கள் கீழிறங்கி, சூடு குறைந்த மண்துகள்களின்மேல் படிந்து இப்படியொரு அடுக்கை உண்டாக்கிவிடுகின்றன. கருவி சொன்னது உண்மை. அன்று அதனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அந்த மன்னிப்பைத்தான் மறுவருடம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. கோடை முடிந்து மழை வந்தது, அதே உணரி அதே பிடிவாதத்தோடு 5 காட்டியது, நானும் "நீர்விலக்கம் தொடர்கிறது" என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். மூன்று வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தால், மண் சுருங்கி, மண்ணில் செருகியிருக்கும் உணரியின் முட்களைச் சுற்றி நூலளவு இடைவெளி விழுந்திருந்தது. இக்கருவி உண்மையில் அளப்பது ஈரத்தை அன்று, மண்ணின் ஒப்புமை விடுதிறனை, அதாவது வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு மின்னேற்றத்தைத் தேக்க அது இடங்கொடுக்கிறது என்பதை. நீருக்கு அது ஏறத்தாழ 80, உலர்ந்த கனிம மண்ணுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. முள்ளை ஒட்டிய இடத்தில்தான் மின்புலம் மிக வலுவாக இருக்கும் என்பதால், அந்த நூலளவு காற்றே அளவீட்டைக் கீழே இழுத்துவிடப் போதுமானது. மண் உண்மையிலேயே உலர்ந்திருந்தாலும் அதே எண், முள் மண்ணைத் தொடாமல் நின்றாலும் அதே எண். எது என்று அறியத் தோண்ட வேண்டும். தோண்டிவிட்டால் அது பழைய மண் அன்று, அதுவரை சேர்த்த தொடரும் அங்கே அறுந்துவிடும். வேர் அழுகிப் பொந்து விழும், மண் மெல்ல நகரும் எரிந்த சரிவில் இந்தச் சங்கடம் சமவெளித் தோட்டத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

சாம்பலின் உப்புகளும் முதல் வருடம் அளவீட்டை உயர்த்திக் காட்டின. தொழிற்சாலை அளவுத்திருத்தத்தை நம்பாமல், மண் மாதிரிகளை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி எடைபோட்டு நானே திருத்திக்கொண்டேன். அது வேலைதானே தவிர, குறையென்று சொல்லமாட்டேன்.

நியாயமாகப் பேசினால், இக்கருவி இல்லாமல் நான் பார்த்திருக்கவே முடியாத இரண்டு காட்சிகள் உண்டு. ஒரு மழையில் 10 செ.மீ. அசையாதிருக்க, 30 செ.மீ. உணரி முதலில் எழுந்தது. நீர் மேலடுக்கை நனைக்காமலே வேர்ப்பொந்துகள் வழியாக உள்ளே புகுந்திருக்கிறது. மற்றது மூன்றாம் வருடம், புதர்கள் தழைத்த பிறகு: வரைபடத்தில் 30 செ.மீ. உணரியின் கோடு பகலில் இறங்கி, இரவில் சமமாக நின்று, மறுநாள் மீண்டும் இறங்கி, படிக்கட்டாக உருவெடுத்தது. வெப்பநிலையால் வரும் பிழையென்றால் கோடு தினமும் ஏறி இறங்கியிருக்கும். இது இறங்க மட்டுமே செய்தது, ஏனெனில் வேர்கள் பகலில் குடித்து இரவில் ஓய்ந்தன. அந்தப் படிகளை எத்தனை முறை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணியிருப்பேன் என்று கணக்கில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். குறைந்தபட்சம் முதல் வருடத்துக்கு வேண்டாம். ஒரு சொட்டுக்குழாயும் மண்வெட்டியும் எடைத்தராசும் அந்த வருடத்தில் இதைவிடத் தெளிவாகப் பேசும்.

ஒட்டுப்போட்ட கேபிளை இம்முறை இரும்புக் குழாய்க்குள் விட்டுப் புதைத்திருக்கிறேன். நேற்றிரவு நல்ல மழை. இன்று காலை 10 செ.மீ. உணரி 7 காட்டுகிறது. மண்வெட்டியை எடுப்பதா வேண்டாமா என்று குழியருகே நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.