பாரத் கிருஹ ரக்ஷா: மலை வீட்டுக்கு எவ்வளவு தாங்கும்?

வீட்டு இன்சூரன்ஸ் கடலோரத்துக்காரர்களின் கவலை என்ற நினைப்பு ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இன்னும் இருக்கிறது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, கொடைக்கானலிலும் மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

இன்சூரன்ஸ் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான ஐஆர்டிஏஐ உத்தரவுப்படி, 2021 ஏப்ரல் 1 முதல் ஆயுள் காப்பீடு அல்லாத பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் பாரத் கிருஹ ரக்ஷா என்ற இந்த வீட்டு பாலிசியை விற்கின்றன. அடிப்படை வாசகம் எல்லாரிடமும் ஒன்றுதான். பிரீமியமும் கிளைம் வந்தால் நடந்துகொள்ளும் விதமும்தான் மாறும். புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு, பாறை உருளல், காட்டுத்தீ, மரம் விழுதல் எல்லாம் அடிப்படை பாலிசியிலேயே உண்டு. இதற்கென்று தனி ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

மலை வீட்டுக்குச் சிக்கல் வருவது மண்சரிவுப் பிரிவின் விலக்குகளில். நிரப்பு மண் இறங்குவது, புதுக் கட்டடம் இயல்பாக அமர்ந்து விரிசல் விடுவது, குறையான வடிவமைப்பு அல்லது வேலை, பக்கத்தில் தோண்டியதால் வந்த சேதம் ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்பக்கம் கொட்டிச் சமன் செய்து கட்டுவது இங்கே வழக்கம். அப்படிப்பட்ட வீட்டில் பின்பாதி கெட்டி மண்ணிலும் முன்பாதி நிரப்பு மண்ணிலும் நிற்கும். மழையில் முன்பாதி மட்டும் இறங்கினால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் எழுதப்போவது இந்த விலக்கைத்தான். அஸ்திவாரம் எந்த மண்ணில் நிற்கிறது என்பதைக் காட்டும் வரைபடமும் இன்ஜினியர் சான்றும் பாலிசியோடு ஃபைலில் இருக்கட்டும்.

அடுத்தது தடுப்புச் சுவர். கட்டடம் என்பதன் வரையறையில் காம்பவுண்ட் சுவர், செப்டிக் டேங்கோடு தடுப்புச் சுவரும் வருகிறது. ஆனால் காப்புத்தொகையைக் கார்பெட் ஏரியாவை (சுவர்களுக்கு உள்ளே உள்ள பரப்பை) கட்டுமான விலையால் பெருக்கிப் போடுவதால், சுவரின் செலவு அதற்குள் வராது. அதைத் தனியாக அறிவித்துச் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினால் பெரும்பாலும் இந்த வரியைக் காலியாக விட்டுவிடுவார். சுவரின் நீர் வடியும் துளைகளில் மண் அடைத்தால் பின்னால் தண்ணீர் தேங்கி, அந்த அழுத்தத்திலேயே சுவர் சாயும். பராமரிப்பில்லை என்ற பேச்சும் கூடவே வரும். மழைக்கு முன் துளைகளைச் சுத்தம் செய்து, தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கணக்குக்கு ஒரு உதாரணம்: 800 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 20 லட்சம். மணல், செங்கல், கம்பி எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ ஏறி வர வேண்டியிருப்பதால், சமவெளி விலையைப் போடாதீர்கள். நில விலையைச் சேர்ப்பதும் வீண். தொகை குறைவாகப் போட்டாலும் கிளைமை அந்த விகிதப்படி வெட்ட மாட்டார்கள், ஆனால் போட்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வராது. வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், பட்டியல் கொடுக்காமலே கிடைக்கும். திருட்டு என்றால், காப்பில் உள்ள விபத்து நடந்த 7 நாளுக்குள் நடந்தால் மட்டுமே.

இடிபாடு அகற்ற கிளைம் தொகையில் 2 சதவீதம் என்பது மலைக்குச் சரியான கஞ்சத்தனம். 10 லட்சம் கிளைமுக்கு வெறும் 20,000. வண்டி போகாத சந்தில் மண்ணைத் தலைச்சுமையாய் எடுக்க வேண்டியிருந்தால் அது எத்தனை நாள் கூலிக்குப் போதும்?

பழைய பங்களாக்களில் பலகைச் சுவர் அறை இருந்தால் மறைக்காதீர்கள். பலகை, தார்ப்பாய், மூங்கில், புல் வேய்ந்த கட்டுமானம் கச்சா, அதாவது உறுதி குறைந்த வகையாகக் கணக்காகும். வீட்டை ஹோம்ஸ்டேவாக வாடகைக்கு விடுபவர்களுக்கு இந்த பாலிசி பொருந்தாது, தொழிலுக்கான பாலிசியைக் கேளுங்கள். சீசனுக்கு மட்டும் திறக்கும் வீடு என்றால் பூட்டிக் கிடக்கும் மாதங்களுக்கும் காப்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: 'வெளிப்பொருள் மோதல்' என்ற தலைப்பில் வண்டி, மரம், விமானம் உதாரணமாக இருக்கின்றன, சுவரை இடிக்கும் யானை இல்லை.

கிளைம் தகவல் போன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை, அதன்பின் 7 நாளில் முடிவு என்பது விதி. சாலை அடைபட்டு அவர் வரத் தாமதமானால், இடிபாட்டைத் தொடுவதற்கு முன் படமும் வீடியோவும் எடுத்து மெயிலில் அனுப்பிவிடுங்கள். தள்ளுபடி செய்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார், ஒரு மாதம் பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). 50 லட்சம் வரையான வழக்குகளை அங்கே கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்வார்கள்.